பி-காம்ப்ளெக்ஸ் மஞ்சள்

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனதும், உடம்பு தேறட்டும் என்று டாக்டர் பத்து நாளைக்கு பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை பாத்ரூமில் நின்றபோது ஆடிப்போய்விட்டேன். வழக்கமான மஞ்சள் இல்லை. ஹைலைட்டர் பேனாவை உடைத்துக் கரைத்துவிட்ட மாதிரி, லேசாகப் பச்சை கலந்து பளீரென்று இருந்தது. காமாலையோ என்று கண்ணாடி முன்னால் போய் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னால், "சூடு ஏறிப்போச்சுடா, ரெண்டு இளநி வாங்கிக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றாள். கடைசியில் மெடிக்கல் ஷாப் பையன்தான் சிரிக்காமல் பதில் சொன்னான்: "சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் சார் போகும்."

அப்படிப் போகிற அந்தச் சத்தின் பெயர் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. ஃப்ளேவின்கள் என்கிற மஞ்சள் சேர்மங்களின் குடும்பத்தில் நமக்கு மிக நெருக்கமான ஆள் இதுதான். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். பல மாத்திரைகளில் 10 மில்லிகிராம் இருக்கிறது. கொழுப்பில் கரைகிற ஏ, டி வைட்டமின்களைப் போல உடம்பு இதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை, மிச்சத்தைச் சிறுநீரகம் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. காமாலையில் போவது வேறு பொருள், பிலிருபின். அது டீ டிக்காஷன் மாதிரி கருத்துப் போகும், கண்ணும் மஞ்சளாகும். அப்படியென்றால் இளநீரோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஃப்ளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள். அந்த ஒரு சொல்லிலிருந்து ஃப்ளேவின், ஃப்ளேவோன், ஃப்ளேவனாய்டு என்று வரிசையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். கிரீன் டீ டப்பாவில் போடுகிற ஃப்ளேவனாய்டு வேறு, இங்கே பேசுகிற ஃப்ளேவின் வேறு. ஃப்ளேவனாய்டில் நைட்ரஜனே கிடையாது, ஃப்ளேவினில் நைட்ரஜன் இல்லாமல் வேலையே நடக்காது. நம் சமையலறை மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின் இந்த இரண்டிலும் சேராது. மஞ்சளாக இருக்கிறது என்பதைத் தவிர இவர்களுக்குள் உறவுமுறை எதுவும் இல்லை.

ஃப்ளேவின் மூலக்கூறு எப்படி இருக்கும்? மூன்று வளையங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, தட்டையான ஒரு பலகை மாதிரி. அதற்கு ஐசோஅலாக்ஸசின் என்று வாயில் நுழையாத பெயர். நடு வளையத்தின் ஒரு நைட்ரஜனிலிருந்து சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு வால் தொங்கும். வாலோடு இருந்தால் ரிபோஃப்ளேவின். வாலின் நுனியில் பாஸ்பேட் சேர்ந்தால் எஃப்எம்என். அதன்மேல் அடினினைச் சுமக்கும் இன்னொரு துண்டும் சேர்ந்தால் எஃப்ஏடி. உடம்புக்குள் வேலை செய்கிறவை பின்னாலிருக்கும் இரண்டும்தான். சாப்பாட்டில் வருகிற ரிபோஃப்ளேவின் அதற்கான கச்சாப் பொருள். ஆனால் மூன்றிலும் அந்தப் பலகை ஒன்றே, நிறமும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பூவில் இருக்கிற மஞ்சள் வண்டைக் கூப்பிடுகிறது, அங்கே நிறம்தான் வேலை. ஃப்ளேவினைப் பொறுத்தவரை யாரும் பார்ப்பதற்காக அது மஞ்சளாக இல்லை. செல்லுக்குள் கும்மிருட்டு. அங்கே யாருக்கு நிறம் காட்ட வேண்டும்? பலகை முழுக்க ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் ஓடுவதால் எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்காமல் பரந்து கிடக்கின்றன. அப்படிப் பரந்து கிடப்பதால் 450 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை அது விழுங்கிவிடுகிறது, மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அதே காரணத்தால்தான் வெளியிலிருந்து வருகிற எலக்ட்ரானையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது. நிறமும் வேலையும் ஒரே அமைப்பிலிருந்து வருகின்றன.

அந்த வேலையைப் பஸ் கண்டக்டரை வைத்துச் சொல்லலாம். நாம் சாப்பிட்டதிலிருந்து பிடுங்கப்படும் எலக்ட்ரான்களைச் சுமந்து வருகிற என்ஏடிஹெச் என்கிற ஆள் எப்போதும் இரண்டு எலக்ட்ரானைச் சேர்த்துத்தான் நீட்டுவார், இருபது ரூபாய் நோட்டு மாதிரி. ஆனால் செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவில், எலக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றி விடுகிற சங்கிலியில் அடுத்து நிற்கிற இரும்பு-கந்தகக் கொத்துகள் ஒரு தடவைக்கு ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் வாங்கும், பத்து ரூபாய்க் காசுதான் அங்கே செல்லும். நடுவில் ஒருவர் நோட்டை வாங்கிச் சில்லறையாக்கித் தர வேண்டாமா? சங்கிலியின் முதல் படியில் உட்கார்ந்திருக்கும் எஃப்எம்என் அதைத்தான் செய்கிறது: இரண்டாக வாங்கி, ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. இரண்டையும் வைத்திருக்கலாம், ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம், கையை விரித்துக்கொண்டும் நிற்கலாம். மூன்று நிலையிலும் நிலைத்து நிற்கத் தெரிந்த மூலக்கூறுகள் உயிர்களிடம் அதிகம் இல்லை.

மூன்று நிலைக்கும் மூன்று நிறம். காலியாக இருக்கும்போது மஞ்சள். ஒரு எலக்ட்ரான் வந்தால், எந்தப் புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நீலமாகவோ சிவப்பாகவோ மாறும். இரண்டும் வந்து நிரம்பிவிட்டால் ஏறக்குறைய நிறமே இல்லை; தட்டையாக இருந்த பலகை நடுவில் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி மடங்கிவிடும், இரட்டைப் பிணைப்புத் தொடரும் அறுந்துவிடும். அப்புறம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் திரும்ப மஞ்சள். சோதனைக் கூடத்தில் இதைப் பார்ப்பதே ஒரு சுகம். ஆக்சிஜன் படாமல் வெளுத்துப்போய் நிற்கிற கரைசலின் மூடியைத் திறந்து ஒரு குலுக்குக் குலுக்கினால், காற்று பட்டு மஞ்சள் திரும்பி வரும்.

இந்த மஞ்சளை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் விண்டர் ப்ளைத், 1879-ல். பால் திரிந்தபின் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரில் பச்சை கலந்த மஞ்சள் ஒன்று இருப்பதைப் பார்த்து, பால் நிறமி என்று பொருள்படும்படி லாக்டோக்ரோம் என்று பெயரிட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனீர் போட எலுமிச்சை பிழிந்தபின் துணியில் வடிகிற தண்ணீர் வெள்ளையாக இருக்காது, இளம்பச்சை மஞ்சளாக இருக்கும். முட்டையை உடைத்தால் வேகாத வெள்ளைக்கருவில் தெரிகிற மெல்லிய சாயலும் இதுதான். அந்த மஞ்சளால் என்ன பயன் என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

1932-ல் பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கும் வால்டர் கிறிஸ்டியனும் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் நொதியை, அதாவது என்சைமை, பிரித்தெடுத்தார்கள். வேறு பெயர் யோசிக்காமல் மஞ்சள் நொதி என்றே கூப்பிட்டார்கள். பின்னால் வேறு மஞ்சள் நொதிகள் வரவே, இது பழைய மஞ்சள் நொதி ஆகிவிட்டது, இன்றுவரை பாடப்புத்தகத்தில் அதே பெயர்தான். வார்பர்க்கின் கூடத்துக்கு ஸ்வீடனிலிருந்து வந்த ஹியூகோ தியோரெல் அதை அமிலத்தில் பக்குவமாகக் கையாண்டு இரண்டாகப் பிரித்தார்: ஒரு பக்கம் நிறமில்லாத புரதம், இன்னொரு பக்கம் மஞ்சள் பொருள். தனித்தனியாக இரண்டும் வேலைக்கு உதவவில்லை. திரும்ப ஒன்றாகச் சேர்த்ததும் நொதி உயிர்பெற்றது. நொதி என்பது புரதமா, புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ சின்னப் பொருளா என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டை. இந்த நொதியைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தால்தான் என்று கையில் எடுத்துக் காட்டியது அந்தச் சோதனை. தியோரெலுக்கு 1955-ல் நோபல் கிடைத்தது.

இன்னொரு பக்கம் சத்துணவு ஆட்கள் அதே பொருளை வேறு வழியில் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஹைடல்பர்கில் ரிச்சர்டு கூன், வாக்னர்-யாவுரெக், குழந்தை மருத்துவரான பால் ஜியார்ஜி மூவரும் எலிகளின் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு வைட்டமினைத் தேடி, முட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கான லிட்டர் பாலிலிருந்தும் துளித்துளியாக மஞ்சள் படிகங்களைத் திரட்டினார்கள், 1933-ல். பாலில் கிடைத்தது லாக்டோஃப்ளேவின், முட்டையில் கிடைத்தது ஓவோஃப்ளேவின், ஈரலில் கிடைத்தது ஹெப்பட்டோஃப்ளேவின் என்று ஆளுக்கொரு பெயர். எல்லாம் ஒன்றே என்று அப்புறம்தான் தெரிந்தது. யூதர் என்பதால் ஜியார்ஜி அதே 1933-ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1935-ல் கூனும், சுவிட்சர்லாந்தில் பால் காரரும் தனித்தனியாக அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். காரருக்கு 1937-ல் வேதியியல் நோபல். 1938-ம் வருஷத்து நோபல் கூனுக்கு, ஆனால் ஹிட்லர் அரசு வாங்கவிடவில்லை. பதக்கம் போர் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. தியோரெலின் மஞ்சள் பொருள், எலிக்குத் தேவைப்பட்ட வைட்டமினில் பாஸ்பேட் சேர்ந்ததுதான் என்று தெரிந்தபோது இரண்டு துறைகள் சந்தித்துக்கொண்டன. வைட்டமின் என்றால் உடம்பில் அது போய் என்னதான் செய்கிறது என்ற கேள்விக்கு, ஒரு நொதியில் உட்காருகிறது என்று விரலை வைத்துக் காட்டக்கூடிய பதில் கிடைத்தது அப்போதுதான்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆராய்ச்சி என்று சிறிதாக ஆரம்பித்த கூடம், சத்துணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935-ல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு அதற்குத் தலைவராக வந்தார். தென்னிந்தியாவில் அரிசிச் சோற்றையே நம்பியிருந்த பிள்ளைகளுக்கு வாயின் இரண்டு ஓரமும் வெடித்து வெள்ளையாகப் புண்ணாகி, நாக்கு தோலுரிந்து எரிவதை அவரும் உடன் வேலை பார்த்த கிருஷ்ணனும் கவனித்து, இது அப்போது பி2 என்று அழைக்கப்பட்ட சத்தின் குறைவால் வருகிறது என்று 1936-ல் எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் செப்ரெல்லும் பட்லரும், ரிபோஃப்ளேவின் குறைந்த உணவையே பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, உதடும் வாயோரமும் வெடிப்பதையும் ரிபோஃப்ளேவின் கொடுத்தால் அது ஆறுவதையும் நேரடியாகக் காட்டினார்கள். குன்னூர்க் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

வாயோரப் புண்ணுக்கும் நம் வீடுகளில் பதில் சூடுதான். சத்து அதிகமாகி மஞ்சளாகப் போனாலும் சூடு, சத்து குறைந்து வாய் வெந்தாலும் சூடு! அம்மாவிடம் இதைச் சொன்னால் திட்டு விழும், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொல்கிற மணத்தக்காளிக் கீரையும் மோரும் தவறான மருந்து இல்லை, இரண்டிலும் பி2 இருக்கிறது. எல்லா வாய்ப்புண்ணும் பி2 குறைவால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இரும்புச்சத்துக் குறைவு, பூஞ்சைத் தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் பி2 சொற்பம், தவிட்டோடு போய்விடுகிறது. பால், முட்டை, ஈரல், கீரை, பயறு இவைதான் வழி. அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். இட்லி மாவு புளிக்கும்போது பி2 கூடுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள், அது மாவில் வளர்கிற நுண்ணுயிர்கள் தருகிற கொடை.

சமைக்கும்போது இது சூட்டுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, கொதித்தாலும் தாங்கும் (வெந்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போகும், அது வேறு). பயப்படுவது இரண்டுக்கு: காரத்தன்மைக்கும் வெளிச்சத்துக்கும். கீரை பச்சையாக இருக்கட்டும், பயறு சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுகிறோமே, அங்கே பி2-க்குக் கெடுதல்.

வெளிச்சம்தான் பெரிய விஷயம். நீல ஒளியை விழுங்குகிற பலகை, விழுங்கிய சக்தியை என்ன செய்யும்? ஒரு பங்கை மஞ்சள்-பச்சை ஒளியாகத் திரும்ப உமிழும், ஒரு பங்கில் தன் வாலையே அறுத்துக்கொள்ளும், இன்னொரு பங்கைப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன்மேல் ஏற்றிவிட்டு அதை வெறிபிடிக்க வைக்கும். முதல் இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம், நான் பார்த்தேன். ஒரு பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையை நுணுக்கி இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பாதிப் பாதியாகக் கலந்து, தெளிந்ததும் மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால் இரண்டும் பச்சை மஞ்சளாக ஜொலிக்கும். மறுநாள் ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இன்னொன்றை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் மாடியில் இருந்தது வெளுத்துவிட்டது, டார்ச் அடித்தால் பச்சை போய் மங்கலான நீலம். வால் அறுந்த துண்டுக்கு லூமிக்ரோம் என்று பெயர், நீலமாக ஒளிர்வது அதுதான். அலமாரி டம்ளர் அப்படியே இருந்தது.

பாலுக்கும் இதேதான் நடக்கும். கண்ணாடி பாட்டிலில் இருக்கிற பாலைச் சுள்ளென்ற வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டால் ரிபோஃப்ளேவினில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும், போகிற போக்கில் அந்த வெறிபிடித்த ஆக்சிஜனைக் கொண்டு பாலில் இருக்கும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தையும் சிதைத்து, வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வாடையைக் கிளப்பிவிடும். கடை வாசலில் வெயில் ஏறும்வரை டப்பில் கிடந்த பால் பாக்கெட் கெட்டுப்போகாமலே ஒரு மாதிரி நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பீர் பாட்டில் ஏன் பழுப்பு நிறம் என்று கேட்டால் அதற்கும் பதில் இங்கே கிடைக்கும். வெயில் பட்டால் பீரில் இருக்கும் ரிபோஃப்ளேவின் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்களைக் கிளறிவிட்டு நாற்றத்தை உண்டாக்கும், பழுப்புக் கண்ணாடி அந்த நீல ஒளியை உள்ளே விடுவதில்லை.

பிறந்த குழந்தைக்குக் காமாலை என்றால் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் படுக்க வைக்கிறார்களே, அந்த விளக்கு குறிவைப்பது பிலிருபினை. ஆனால் அதன் ஒளியும் ஃப்ளேவின் விழுங்குகிற ஒளியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பதால், குழந்தையின் ரத்தத்தில் ரிபோஃப்ளேவினும் கொஞ்சம் குறைகிறது. அதற்காக விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பிலிருபின் மூளைக்குப் போனால் அது எவ்வளவோ பெரிய ஆபத்து.

கெடுதலையே மருந்தாக்கினவர்களும் இருக்கிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குகிற கெரட்டோகோனஸ் என்ற நோய் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் ஆரம்பிக்கும், கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தியோ சைலர், ஸ்போயர்ல், வொல்லென்சாக் ஆகியோர் 1990-களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதா ஒளியை 30 நிமிஷம் காட்டுவது. பாலைக் கெடுத்த அதே வெறிபிடித்த ஆக்சிஜன் இங்கே கருவிழியின் கொலாஜன் என்கிற புரத இழைகளுக்கு இடையில் புதுப் பிணைப்புகளைப் போடுகிறது, தளர்ந்த கயிற்றுக் கட்டிலுக்குக் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டின மாதிரி. கண் விறைப்பாகி நோய் பெரும்பாலோருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. நம் ஊர் பெரிய கண் ஆஸ்பத்திரிகளிலும் இப்போது இது வழக்கமான சிகிச்சை. அந்த சொட்டு மருந்தும் அதே மஞ்சள்தான்.

மனிதனுக்கு வெகு காலத்துக்கு முன்பே இந்த ஒளி விழுங்கும் குணத்தைச் செடிகள் பயன்படுத்திக்கொண்டுவிட்டன. பால்கனி ஓரத்தில் வைத்த துளசி வெளிச்சம் வருகிற பக்கம் சாய்கிறதே, சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளை வைத்து 1880-ல் எழுதிய விஷயம் அது. அவர்களுக்குக் கிடைக்காத விடை ஒரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது: ஃபோட்டோட்ரோபின் என்கிற புரதத்துக்குள் எஃப்எம்என் உட்கார்ந்திருக்கிறது, நீல ஒளி பட்டதும் பக்கத்துக் கந்தக அணுவோடு கைகோத்துக்கொள்கிறது, புரதம் வடிவம் மாறுகிறது, தகவல் போகிறது. சிவப்பு ஒளியை மட்டும் காட்டினால் செடி அந்தப் பக்கம் சாயாது, ஃப்ளேவின் சிவப்பை விழுங்குவதில்லை.

இதே மாதிரி ஃப்ளேவினை வைத்து நீல ஒளியை உணர்கிற இன்னொரு புரதம் கிரிப்டோகுரோம், அது சுமப்பது எஃப்ஏடி. இரவில் வலசை போகிற ஐரோப்பிய ராபின் குருவி பூமியின் காந்தப்புலத்தை எப்படி உணர்கிறது என்பதற்கு இதைத்தான் இப்போது முதலில் சந்தேகிக்கிறார்கள். கண்ணுக்குள் நீல ஒளி விழும்போது ஃப்ளேவின் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, ஜோடி பிரிந்த இரண்டு எலக்ட்ரான்கள் சற்றுத் தள்ளித் தள்ளி நிற்கின்றன; அவற்றின் சுழற்சி காந்தப்புலத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பது கருத்து. 2021-ல் ராபின் குருவியின் கிரிப்டோகுரோம்-4 சோதனைக் குழாயில் காந்தப்புலத்துக்கு அசைந்து கொடுப்பதைக் காட்டினார்கள். உயிரோடு பறக்கிற குருவியின் கண்ணில் நடப்பதும் இதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை. பாதி நிரம்பிய அந்த நடு நிலை, அதாவது ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கத் தெரிந்த குணம் இல்லையென்றால் இந்த யோசனைக்கே இடமில்லை.

சரி, மாத்திரைக்குள் இருக்கிற ரிபோஃப்ளேவின் எங்கிருந்து வருகிறது? பாலைக் காய்ச்சி எடுத்தால் கட்டுப்படியாகாது. கூனும் காரரும் காட்டின செயற்கை வழியைத் தொழிற்சாலைகள் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டன. இப்போது நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள். ஒன்று பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா, இன்னொன்று ஆஷ்பியா காசிபியை என்ற பூஞ்சை. காசிபியம் என்றால் பருத்தி. பருத்திக் காயைக் குத்திச் சாறு உறிஞ்சுகிற சிவப்புப் பூச்சி ஒட்டவைத்துவிட்டுப் போகிற நோய்ப் பூஞ்சைதான் அது, 1926-ல் ஆஷ்பி, நோவெல் என்ற இருவர் அடையாளம் கண்டது. தனக்குத் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமாக ரிபோஃப்ளேவினைச் சுரந்து கொட்டுகிற விசித்திரப் பழக்கம் அதற்கு. கலனில் வளர்த்தால் பூஞ்சை இழையே மஞ்சளாக இருக்கும். பருத்திக்காரர்களுக்குப் பஞ்சில் விழுந்த கறை, நஷ்டக் கணக்கு. மாத்திரை கம்பெனிக்கு அதுதான் சரக்கு.